பத்துக்குப் பன்னிரண்டு அறையில் கிக் டிரம் பதிவு: எந்த மைக் எடுக்கலாம்?

சத்துவாச்சாரி_கிட்

வணக்கம். நாங்கள் நாலு பேர் சேர்ந்து சொந்தப் பாட்டுகள் செய்கிறோம். வீட்டு மாடியில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, கான்கிரீட் தளம். பயிற்சி, பதிவு எல்லாம் அங்கேதான். காலால் அடிக்கும் பெரிய மேளமான கிக் 22 அங்குலம். கிடார், குரல் எல்லாம் ஓரளவு நன்றாக வருகின்றன. கிக் மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல ‘டொப் டொப்’ என்று கேட்கிறது. இப்போது அதற்கு வைப்பது பாடுவதற்கு வாங்கிய ஷ்யூர் எஸ்எம்58.

கிக்குக்கென்று ஒரு மைக் வாங்கக் காசு சேர்த்தாகிவிட்டது. ஒன்றுதான் முடியும். பார்த்து வைத்திருப்பவை மூன்று: ஏகேஜி டி112, ஷ்யூர் பீட்டா 52ஏ, ஆடிக்ஸ் டி6. யூடியூபில் ஒப்பீடு பார்த்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்கிறார்கள். பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி_லைவ்

தம்பி, யோசிக்காமல் 52ஏ எடுங்கள். சர்ச், கல்லூரி விழா, கல்யாண ரிசப்ஷன் என்று எல்லா மேடையிலும் எனக்குச் சோறு போட்ட மைக் அது. ஸ்டாண்டு மூட்டு மைக்கோடு சேர்ந்தே வருகிறது. திருகி வைத்தால் நிகழ்ச்சி முடியும்வரை தலை தொங்காது. முன்பக்க வலை எஃகு. யாராவது ஸ்டாண்டைத் தட்டிவிட்டாலும் கவலை இல்லை. சூப்பர் கார்டியாய்டு, அதாவது முன்பக்கச் சத்தத்தையே அதிகம் பிடிக்கும் வகை என்பதால் பக்கத்தில் இருக்கும் சிம்பல், ஃப்ளோர் டாம் எல்லாம் குறைவாகவே நுழையும். 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு வைத்திருக்கிறார்கள், பீட்டர் (கிக்கை அடிக்கும் பெடல் சுத்தி) தோலில் படும் அந்த ‘டக்’ கூட்டத்தின் கடைசி வரிசை வரை போய்ச் சேரும்.

174 டெசிபல் வரை தாங்கும் என்று கம்பெனி போட்டிருக்கிறது. எந்த டிரம்மரும் அவ்வளவு அடிக்க முடியாது, அப்படி நினைத்துக்கொள்ளும் சிலரை எனக்குத் தெரியும்.

ஆம்பூர்_பேஸ்

லைவுக்கு அண்ணன் சொல்வது சரி. ஆனால் இவர் கேட்பது ரெக்கார்டிங்.

நான் பேஸ் கிடார் வாசிப்பவன், அதனால் என் காது வேறு மாதிரி. டி6 என்பது ஏற்கெனவே ஈக்யூ (கீழ், நடு, மேல் தொனிகளைக் கூட்டிக் குறைப்பது) போட்டுக் கையில் கொடுத்த மைக். கீழே ஒரு மேடு, மேலே ஒரு மேடு, நடுவில் பெரிய பள்ளம். மெட்டல் வாசிப்பவர்களுக்கு அது அமிர்தம். டபுள் பெடலில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெரியும். ஆனால் அந்தக் கீழ் மேடு 60 ஹெர்ட்ஸ் சுற்றி வருகிறது. என் பேஸின் ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ், ஏ தந்தி 55. கிக்கும் நானும் ஒரே இடத்துக்கு முண்டியடிப்போம், மிக்ஸ் செய்பவர் என்னைத்தான் குறைப்பார். எப்போதும் அப்படித்தான் நடக்கிறது.

என் ஓட்டு டி112க்கு. நடுப்பகுதி கொஞ்சம் மிஞ்சியிருக்கும், அதனால் அது ஒரு மேளம் என்று தெரியும். டி12 என்ற பழைய மைக்கின் வழி வந்தது. முட்டை வடிவம், எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

ஓட்டேரி_ஒலி

மூன்றுமே நல்ல மைக். எதை வாங்கினாலும் பணம் வீணாகாது. ஆனால் வாங்குவதற்கு முன் சில விஷயம் தெரிய வேண்டும், சத்துவாச்சாரி தம்பி.

கிக்கின் முன் தோலில் ஓட்டை இருக்கிறதா, மூடியிருக்கிறதா? 58ஐ எங்கே வைக்கிறீர்கள்? உள்ளே என்ன திணித்திருக்கிறீர்கள்? பீட்டர் ஃபெல்ட்டா, மரமா? பதிவு செய்ததை எதில் கேட்கிறீர்கள், அறையில் எந்த இடத்தில் உட்கார்ந்து கேட்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்குக் கட்டாயம் பதில் வேண்டும்.

சத்துவாச்சாரி_கிட்

முன் தோல் முழுசாக மூடியிருக்கிறது. கம்பெனி லோகோ அழகாக இருக்கிறது என்று வெட்டவில்லை. மைக் வெளியே, தோலிலிருந்து ஒரு சாண் தள்ளி. உள்ளே ஒன்றும் இல்லை. பீட்டர் ஃபெல்ட். கேட்பது ஐந்து அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் ஜோடியில். மேஜை கிட்டத்தட்ட அறையின் நடுவில் இருக்கிறது, சுவரோரம் முழுக்க டிரம் செட்டும் ஆம்ப்பும் அடைத்துக்கொண்டிருப்பதால். ஹெட்ஃபோன் டிரம்மரிடம்தான் இருக்கும்.

ஓட்டேரி_ஒலி

நினைத்தேன். இப்போது பொறுமையாகப் படியுங்கள், கொஞ்சம் நீளம்.

முதலில் அறை. நம்ம ஊர் வெயிலில் ஒலியின் வேகத்தை நொடிக்கு 350 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டடி என்றால் 3.66 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் நிற்கும் முதல் அலைக்கு, 350ஐ அந்த நீளத்தின் இரட்டிப்பால் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 48 ஹெர்ட்ஸ் வருகிறது. பத்தடிச் சுவருக்கு அதே கணக்குப் போட்டால் 57. 22 அங்குலக் கிக்கின் அடித்தொனி எங்கே இருக்கும்? சுருதி வைப்பதைப் பொறுத்து 50லிருந்து 80க்குள். ஆக உங்கள் அறை தன் குணத்தைக் காட்டும் இடமும் கிக்கின் உயிர் இருக்கும் இடமும் ஒன்று.

இந்த நிற்கும் அலைகளுக்குச் சுவரோரத்தில் அழுத்தம் அதிகம், நடுவில் கிட்டத்தட்டச் சுத்தமாக இல்லை. நீங்கள் நாற்காலி போட்டிருப்பது சரியாக அந்த நடுவில். பதிவில் ‘தும்’ இருந்தாலும் உங்கள் காதுக்கு வராது. போதாக்குறைக்கு ஐந்து அங்குல ஸ்பீக்கர் 50 ஹெர்ட்ஸ் பக்கம் போகும்போதே இளைத்துவிடும். சோதித்துப் பாருங்கள்: இப்போது இருக்கும் பதிவைப் போட்டுவிட்டு அறையின் மூலையில் போய் நில்லுங்கள். அப்புறம் டிரம்மரிடம் அந்த ஹெட்ஃபோனைக் கேட்டு வாங்கி ஒரு தடவை கேளுங்கள்.

அடுத்தது 58. அது வாயருகே வைத்துப் பாடுவதற்காகச் செய்தது. வாய் நெருங்கும்போது கீழ்த்தொனி தானாகவே ஊதிப் பெருகும் என்பதால் கீழ்ப்பக்கத்தை வடிவமைப்பிலேயே குறைத்து வைத்திருக்கிறார்கள். அதை ஒரு சாண் தள்ளி, மூடிய தோலுக்கு வெளியே வைத்தால் அந்த ஊதலும் கிடைக்காது, பீட்டரின் அடியும் வராது. மிஞ்சுவது 300, 400 ஹெர்ட்ஸில் இருக்கும் பெட்டிச் சத்தம். நீங்கள் சொன்ன அட்டைப்பெட்டி அதுதான்.

கிக் மைக் என்று விற்பவை எல்லாம் செய்வது இதற்கு எதிர்வேலை. பெரிய டயஃப்ரம் (சத்தத்தில் அதிரும் சவ்வு), கீழே மேடு, அந்த 300, 400 பகுதியில் பள்ளம், 3லிருந்து 5 கிலோஹெர்ட்ஸில் ஒரு மேடு. எவ்வளவு பள்ளம், எங்கே மேடு என்பதில்தான் மூன்றுக்கும் வித்தியாசம். டி6ல் பள்ளம் ஆழம். 52ஏ நடுவாந்தரம். டி112ல் நடுப்பகுதி இன்னும் கொஞ்சம் மிஞ்சும். ஆக நீங்கள் வாங்குவது ஒருவருடைய ஈக்யூ ரசனையை. அந்த ரசனை உங்கள் மேளத்துக்குப் பொருந்துமா என்று பார்க்க, முதலில் மேளம் சரியாக இருக்க வேண்டும்.

லோகோவை மறந்துவிட்டு முன் தோலில் ஓட்டை போடுங்கள். நடுவில் வேண்டாம், ஓரமாக, நாலு அல்லது ஐந்து அங்குல விட்டம். பிளேடால் வெட்டினால் விளிம்பு பிசிறடித்து அங்கிருந்தே கிழியும். தோலைக் கழற்றித் தரையில் வையுங்கள். அந்த விட்டத்தில் வாய் உள்ள காலித் தகர டப்பாவின் விளிம்பை அடுப்பில் நன்றாகச் சூடாக்கி, துணி சுற்றி இடுக்கியால் பிடித்து, நேராக அழுத்துங்கள். பிளாஸ்டிக் உருகி வட்டமாக வந்துவிடும், விளிம்பும் தடித்துக்கொள்ளும். மொட்டை மாடியில் செய்யுங்கள், அந்தப் புகை அறைக்குள் வேண்டாம்.

உள்ளே ஒரு பழைய ஜமக்காளத்தை மடித்துப் போடுங்கள். அடிக்கும் தோலை லேசாகத் தொட்டால் போதும், முட்டுக்கொடுக்க வேண்டாம். இந்த வழக்கம் புதிதல்ல. 1966ல் லண்டன் இஎம்ஐ ஸ்டுடியோவில் பீட்டில்ஸ் பதிவுகளுக்கு ஒலிப்பொறியாளராக இருந்த ஜெஃப் எமெரிக், கிக்குக்குள் கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, ஏகேஜி டி20 மைக்கை மிக அருகில் கொண்டுபோய் வைத்தார். கிக்கைப் பக்கத்தில் வைத்துப் பிடிக்கும் பாணிக்கு அது ஒரு பெரிய திருப்பம்.

இனி மைக்கின் இடம். ஓட்டையின் வாயிலேயே வைத்தால் உடம்பு அதிகம், சில நேரம் காற்று ‘புஸ்’ என்று அடிக்கும். உள்ளே தள்ளத் தள்ள பீட்டரின் அடி கூடும். பீட்டருக்கு நேரே வைத்தால் ‘டக்’, கொஞ்சம் விலக்கித் திருப்பினால் தோலின் முழக்கம். மைக்கை நாலு விரற்கடை நகர்த்தினால் வரும் மாற்றம் டி112க்கும் 52ஏவுக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிது. இதை முதலில் 58ஐ வைத்தே செய்து பாருங்கள்.

ஹாஸ்டல்_பீட்ஸ்

இவ்வளவு எதற்கு? 58லேயே பதிவு செய்து, மேலே ஒரு நல்ல கிக் சாம்பிளை (முன்பே பதிவு செய்த அடியை) ஒவ்வொரு அடிக்கும் தானாக ஒலிக்கும்படி ட்ரிக்கர் செய்துவிடலாமே. இன்றைக்கு வெளியே வருகிற பாட்டில் பாதி அப்படித்தான்.

ஆம்பூர்_பேஸ்

செய்யலாம் ப்ரோ. அப்படி என்றால் டிரம்மர் எதற்கு?

ஓட்டேரி_ஒலி

சாம்பிள் சேர்ப்பது தப்பில்லை, நானும் சேர்ப்பதுண்டு. ஆனால் ட்ரிக்கர் ஒழுங்காக வேலை செய்யவும் சுத்தமான கிக் ட்ராக் வேண்டும். சிம்பலும் ஸ்நேரும் நிறைய நுழைந்த ட்ராக்கில் அது தேவையில்லாத இடத்தில் எல்லாம் சுடும். பாட்டு மெதுவாக இருந்து காலின் அழுத்தம் அடிக்கு அடி மாறினால், சாம்பிள் அந்த ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கிவிடும்.

குடியாத்தம்_கீஸ்

இழையில் நுழைவதற்கு மன்னிக்கவும், சம்பந்தப்பட்ட பிரச்சினைதான். என்னிடம் ஏற்கெனவே 52ஏ இருக்கிறது. கிக் ட்ராக்கில் அடிகளுக்கு நடுவே ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். கீழ்த்தொனியை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் போட்டால் இரைச்சலோடு கிக்கும் போய்விடுகிறது. மைக் கோளாறா?

காட்பாடி_லைவ்

மைக் இல்லை, கரண்ட். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கிக்கும் அங்கேயேதான் குடியிருக்கிறது. அதனால் ஃபில்டர் போட்டுத் தப்பிக்க முடியாது, வேரிலேயே பிடுங்க வேண்டும்.

லாப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் சுற்றல், அதாவது கருவிகள் வெவ்வேறு வழியில் எர்த் ஆவதால் வரும் இரைச்சல். மைக்கை லாப்டாப்போடு இணைக்கும் இன்டர்ஃபேஸ், ஆம்ப், லாப்டாப் எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டிலிருந்து எடுங்கள். மைக் கேபிளையும் கரண்ட் ஒயரையும் சேர்த்துக் கட்டாதீர்கள், குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாகப் போகட்டும். டைனமிக் மைக்கின் உள்ளே இருப்பது சுருள் கம்பி. பக்கத்தில் பேஸ் ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதையும் பிடிக்கும், மைக்கை வேறு பக்கம் திருப்பினாலே குறையும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது பதிவு செய்யவே செய்யாதீர்கள், பல இன்வெர்ட்டர்களின் அலை சுத்தமாக இருக்காது.

ஒன்று மட்டும் கண்டிப்பாக: இரைச்சல் போகிறதே என்று மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டாதீர்கள். அந்த வேலை செய்யும் மைக்செட்காரர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் மைக்கைப் பிடித்துப் பாடுகிறவர் உயிர் அதில் இருக்கிறது.

குடியாத்தம்_கீஸ்

சார்ஜர்தான் அண்ணா. கழற்றியதும் நின்றுவிட்டது. நன்றி.

ஆரணி_பம்பை

எனக்கும் ஒரு சந்தேகம். ஆடி மாதம் எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் பம்பை, சிலம்பு, உடுக்கை எல்லாம் வாசிப்பார்கள். அதைப் பதிவு செய்து வைக்க ஆசை. பம்பைக்குக் கிக் மைக் சரிப்படுமா? இதுவும் கனமான மேளம்தானே?

ஓட்டேரி_ஒலி

வேண்டாம். பம்பையின் பேச்சு முழுக்க நடுப்பகுதியில் இருக்கிறது. குச்சி படும் சுருக்கும் தோலின் இழுப்பும் அங்கேதான். கிக் மைக் பள்ளம் தோண்டி வைத்திருப்பதும் அதே இடம். டி6ஐ வைத்தால் பம்பை பம்பையாகக் கேட்காது. சாதாரண ஷ்யூர் எஸ்எம்57 மைக் போதும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருந்தால் விசேஷம். கோயில் மணியும் குலவையும் ஒலிபெருக்கியும் சேர்ந்து வரும், அதைத் தடுக்க நினைக்காதீர்கள். தள்ளி நின்று ஒரு ஸ்டீரியோ பதிவும் எடுத்துக்கொண்டால் பிற்பாடு கேட்கும்போது அதுதான் உங்களுக்குப் பிடிக்கும்.

சத்துவாச்சாரி_கிட்

எல்லாம் செய்து பார்த்தோம். மூலையில் போய் நின்றதும் எங்கள் டிரம்மர், ‘இவ்வளவு நாள் இது எங்கே இருந்தது’ என்று கேட்டான். மேஜையைச் சுவர்ப்பக்கம் நகர்த்திவிட்டோம், டிரம் செட்தான் கொஞ்சம் இடம் விட்டுக்கொடுத்தது. ஓட்டையும் போட்டாகிவிட்டது. 58ஐ உள்ளே ஒரு சாண் நுழைத்து, பீட்டரிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்ததில் பெட்டிச் சத்தம் நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் அடிவயிற்றில் இறங்கும் அந்தக் கனம் இன்னும் பற்றவில்லை. பீட்டர் அடியும் கொஞ்சம் மந்தம்.

ஒரு நண்பர் பீட்டா 91ஏ வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் பழைய ஸ்பீக்கரையே மைக்காகப் பயன்படுத்தலாம் என்கிறார். குழப்பமாக இருக்கிறது.

ஓட்டேரி_ஒலி

91ஏ தட்டையாக ஜமக்காளத்தின் மேல் படுத்துக்கொள்ளும் கண்டென்சர், பாண்டம் பவர் (மைக் கேபிள் வழியே போகும் கரண்ட்) வேண்டும். பீட்டர் அடியை அதைப் போலத் தெளிவாகப் பிடிப்பவை குறைவு. ஆனால் பலரும் அதை 52ஏ போன்ற ஒன்றோடு ஜோடியாக வைப்பார்கள். ஒரே மைக் என்றால் அது என் முதல் தேர்வு இல்லை.

ஸ்பீக்கர் விஷயம் உண்மைதான். ஸ்பீக்கரும் டைனமிக் மைக்கும் அடிப்படையில் ஒரே இயந்திரம், ஒன்று கரண்டைக் காற்றாக்கும், மற்றது காற்றைக் கரண்டாக்கும். யமஹா இதையே சப்கிக் என்ற பெயரில் ஒரு சின்ன டிரம் கூட்டுக்குள் மாட்டி விற்றது. ஆறரை அங்குல ஊஃபர் ஒன்றின் இரண்டு முனைகளையும் எக்ஸ்எல்ஆர் மைக் பிளக்கின் இரண்டாம், மூன்றாம் பின்னில் பற்றவைத்து, முன் தோலுக்கு வெளியே தொங்கவிட்டால் கீழ்த்தொனி மட்டும் கனமாக வரும். பாண்டம் பவரை அணைத்துவிட்டுத்தான் செருக வேண்டும். சிக்னல் பலமாக வரும், இன்டர்ஃபேஸில் சிக்னலைக் குறைக்கும் பேட் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். இது இன்னொரு மைக்கோடு சேர்க்க மட்டும், தனியாகக் கேட்டால் பக்கத்து வீட்டுக் கிக் மாதிரி இருக்கும்.

காட்பாடி_லைவ்

இரண்டு மைக் வைத்தால் போலாரிட்டி (அலை மேலும் கீழும் போகும் திசை) பார்க்கச் சொல்லுங்கள் சார். அதைச் சொல்லாமல் விட்டால் பையன் மறுபடியும் ‘டொப் டொப்’ என்று வந்து நிற்பான்.

ஓட்டேரி_ஒலி

சரியான நேரத்தில் சொன்னீர்கள். பீட்டர் அடித்ததும் அடிதோல் டிரம்மருக்கு எதிர்ப்பக்கம் போகிறது. முன்னால் இருக்கும் மைக்குக்கு அது நெருங்கி வருவது. டிரம்மர் பக்கம் பீட்டரைப் பார்த்து ஒரு மைக் வைத்தால் அதற்கு அது விலகிப் போவது. இரண்டு அலையும் நேர் எதிராக இருக்கும், சேர்த்தால் கீழ்த்தொனி காணாமல் போகும். ஒன்றில் போலாரிட்டி பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டும் முன்பக்கமே, ஒன்று உள்ளே ஒன்று வெளியே என்றால் தூர வித்தியாசம்தான் சிக்கல். 35 சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிசெகண்ட் தாமதம். பொத்தானை அழுத்தியும் அழுத்தாமலும் கேளுங்கள், எதில் கனம் கூடுகிறதோ அது சரி. ஸ்பீக்கருக்கும் இதே சோதனை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மேளம் சரியாகிவிட்டது, பெட்டிச் சத்தம் குறைந்துவிட்டது, குறைவது கீழ்க்கனமும் பீட்டர் அடியும். 52ஏ அந்த இரண்டையும் அளவோடு கொடுக்கும். பேஸ்காரர் சொன்ன சண்டையும் டி6 அளவுக்கு வராது. டி112 எடுத்தால் 350 பக்கம் நீங்களே கொஞ்சம் வெட்ட வேண்டியிருக்கும், அதற்குப் பதிலாகச் சுபாவமான மேளம் கிடைக்கும். உங்கள் பாட்டு மெதுவான பாட்டாக இருந்தால் நானும் டி112 பக்கம் சாய்வேன். கிக் தவிர பேஸ் ஆம்ப், குரல் என்று எல்லாவற்றுக்கும் ஒரே மைக் வேண்டும் என்றால் பேச்சே வேறு: சென்ஹைசர் எம்டி 421, எலெக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20. விலை ஏறும். ஆர்இ20 நெருங்கினாலும் கீழ்த்தொனி ஊதாது, 1968லிருந்து வானொலிக்காரர்கள் அதை விடாததற்குக் காரணம் அதுதான்.

பீட்டர் அடிக்கு மைக்கை நம்புவதற்கு முன், ஃபெல்ட்டை மரத்துக்கோ பிளாஸ்டிக்குக்கோ மாற்றிப் பாருங்கள். மைக் விலையில் ஒரு துளி.

சத்துவாச்சாரி_கிட்

பாட்டு எல்லாம் நடுத்தர வேகம். மெட்டல் ஒன்றும் இல்லை. டி6ஐ விட்டுவிட்டோம். 52ஏவா டி112ஆ என்பதுதான் மிச்சம். சென்னை போய் ரிச்சி தெருவில் விசாரிக்கலாமா?

காட்பாடி_லைவ்

பிரபல மைக்குகளுக்குப் போலி உண்டு தம்பி. பாதி விலை என்று யாராவது நீட்டினால் கையில் கூடத் தொடாதீர்கள். பில், வாரண்டி அட்டை, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரா என்பதைப் பார்த்து வாங்குங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. என்னிடம் 52ஏ இருக்கிறது, ஆம்பூர்க்காரரிடம் டி112 இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எனக்கு மதியம் சும்மாதான். அவரும் ரயிலேறி வந்தால் உங்கள் மாடியிலேயே இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பதிவு செய்துவிடலாம். ஒரே இடம், ஒரே கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) இல்லை, ஒரே சத்த அளவு. கெயினைச் சமமாக வைத்தால் சத்தம் அதிகம் வருகிற மைக்தான் நன்றாக இருப்பது போலத் தோன்றும்.

ஆம்பூர்_பேஸ்

வருகிறேன். பிரியாணி நான் கொண்டுவருகிறேன். சாப்பாடு பதிவுக்கு அப்புறம்தான், இல்லையென்றால் டிரம்மர் கால் எழும்பாது.

ஓட்டேரி_ஒலி

பெயர் தெரியாமல் கேளுங்கள். ஃபைலுக்கு ‘அ’, ‘ஆ’ என்று பெயர் வைத்து, மைக்கை மாற்றியவரைத் தவிர மற்றவர்கள் ஹெட்ஃபோனில் கேட்டு ஓட்டுப் போடட்டும். பேஸும் சேர்ந்து வாசிக்கும்போது கேளுங்கள், தனிக் கிக்கை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், வியர்வையைத் துடைத்துக்கொள்ளலாம்.

சத்துவாச்சாரி_கிட்

சரி அண்ணா. ஞாயிறு மூன்று மணி. வீட்டு விலாசம் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். இரண்டு ஃபைலையும் இங்கேயே பதிவேற்றுகிறேன், எது எந்த மைக் என்று எல்லாரும் ஓட்டுப் போட்ட பிறகு சொல்கிறேன்.